பேய்க்குக் கெடு உண்டு

அமாவாசைதோறும் வல்லம், அனந்தபுரம், செஞ்சி என்று சுற்றுவட்டார ஊர்களிலிருந்தெல்லாம் மேல்மலையனூருக்குக் கூட்டம் கிளம்புகிறது. நள்ளிரவு ஊஞ்சல் உற்சவத்தைப் பார்க்கப் போகிறவர்களே அதில் பெரும்பாலோர். ஆனால் ஒவ்வொரு கூட்டத்திலும் பிறர் கையைப் பிடித்து அழைத்துப்போகும் சிலரும் இருப்பார்கள். பல நாள் தூங்காத கண்களோடு ஓர் இளைஞன், தலைமுடியை அவிழ்த்துவிட்டு உறுமும் ஒரு பெண், திடீரென்று பேச்சை நிறுத்திவிட்ட ஒரு நடுவயதுக்காரர். இவர்களைப் பற்றிப் படித்தவர்கள் சொல்லும் விளக்கம் ஏறக்குறைய ஒன்றுதான்: அந்தக் காலத்து மக்களுக்கு மனநோய் என்றால் என்னவென்று தெரியாது, எல்லாவற்றையும் பேய் என்றார்கள், அந்த இருட்டின் மிச்சம்தான் இது. சுருக்கமான விளக்கம், வசதியான விளக்கமும்கூட. ஆனால் நம்மிடம் உள்ள சான்றுகள் அதற்கு ஒத்துழைக்க மறுக்கின்றன. பித்து வேறு, பேய் வேறு என்பது பழந்தமிழ் மக்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. உடம்பின் கோளாறால் அறிவு கலங்கும் என்பதும் தெரியும், அதற்கு மருந்து உண்டு என்பதும் தெரியும். தெரிந்திருந்தும் பேய் என்ற முடிவுக்கே வீடுகள் திரும்பத் திரும்ப வந்தன என்றால், அதற்கு அறியாமையைத் தவிர வேறு காரணம் இருக்க வேண்டும். என் பார்வையில் அந்தக் காரணம் மருத்துவத்தைச் சேர்ந்ததே அன்று. அது குடும்பத்தையும் சொத்தையும் கலியாணத்தையும் சேர்ந்தது. பித்து நோயாளிக்கே உரியது, எப்போது தீரும் என்று யாரும் சொல்ல முடியாது. பேய் வெளியிலிருந்து வந்தது, போவதற்கு அதற்கு ஒரு நாள் குறிக்கலாம்.

மேல்மலையனூர்த் தலக்கதையே இந்த வேறுபாட்டைச் சொல்லித்தருகிறது. பிரமனின் ஐந்தாவது தலையைச் சிவன் கிள்ளி எறிகிறார். பிரமகத்தி தோஷம் பிடிக்கிறது, அந்தக் கபாலம் கையிலேயே ஒட்டிக்கொள்கிறது. பிச்சையாக விழும் சோற்றையெல்லாம் கபாலமே தின்றுவிட, பசியோடும் பித்தோடும் சுடுகாடு சுடுகாடாக அலைகிறார் சிவன். மலையனூருக்கு வந்தபோது அங்காளம்மன் ஒரு தந்திரம் செய்கிறாள். சோற்றைக் கையில் போடாமல் தரையில் இறைக்கிறாள். ருசிகண்ட கபாலம் கையைவிட்டு இறங்கித் தின்னப் போகிறது. அவள் அதை மிதித்து அமுக்கிவிடுகிறாள். சிவனுக்குப் பித்து தெளிகிறது. மாசி அமாவாசையில் நடக்கும் மயானக் கொள்ளையில் சுண்டலையும் கொழுக்கட்டையையும் காய்கனிகளையும் சுடுகாட்டில் சூறைவிடுவது இந்தக் கதையை ஆண்டுதோறும் நடித்துக்காட்டுவதுதான். பர்வதராஜகுலத்தார் எனப்படும் செம்படவர்களே இங்கே பூசாரிகள். சமஸ்கிருத ஆகமத்துக்கு வெளியே நிற்கும் கோயில் இது. கதையின் கட்டுக்கோப்பைக் கவனித்தால் போதும். கடவுளுக்கே பித்து பிடிக்கலாம், அதில் அவமானமில்லை. காரணம் ஒரு குற்றம். ஆனால் தொல்லை செய்வது அந்தக் குற்றம் அன்று, கையில் ஒட்டிக்கொண்ட வேறொருவர் தலை. அதை உடம்பிலிருந்து பிரித்து ஓரிடத்தில் இறக்கிவிட்டால் ஆள் பழைய ஆளாகிவிடுவார். பிரிக்கக்கூடியது, இறக்கிவைக்கக்கூடியது, இன்ன நாளில் இன்ன இடத்தில் முடியக்கூடியது: பேயைப் பற்றிய தமிழ்க் கருத்து முழுவதும் இந்த மூன்றில் அடங்கிவிடுகிறது.

இனிப் பழைய சான்றுகளுக்குப் போகலாம். சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவு ஊரெடுத்த காதையில் புகாரின் ஐந்து மன்றங்களை இளங்கோ வருணிக்கிறார். அவற்றில் ஒன்றில் ஒளிவிடும் நெடுங்கல் ஒன்று நிற்கிறது. அதை வலம்வந்து தொழுதால் துன்பம் தீரும் என்று சொல்லி, யார் யார் அங்கே வருவார்கள் என்று ஒரு பட்டியல் தருகிறார். வஞ்சனையாக மருந்தூட்டப்பட்டுப் பித்தேறியவர்கள், நஞ்சு உண்டவர்கள், பாம்பு கடித்தவர்கள், பேய் பிடித்தவர்கள். கல்லைச் சுற்றினால் குணமாகுமா என்பது இங்கே கேள்வியில்லை. பட்டியலில் பித்தேறியவர்கள் ஒரு வரிசையிலும் பேய் பிடித்தவர்கள் இன்னொரு வரிசையிலும் நிற்கிறார்கள் என்பதுதான் முக்கியம். பித்துக்குக் காரணம் மருந்து என்றும் சொல்லப்படுகிறது. எல்லாமே பேய்தான் என்று நம்பிய ஒரு சமூகத்தின் கவிஞன் இப்படிப் பிரித்து எழுதியிருக்க வேண்டியதில்லை. மணிமேகலையிலும் இதே நம்பிக்கை கதையாக வருகிறது. மணிமேகலையைச் சிறையிலிருந்து தன்னிடம் வரவழைத்த இராசமாதேவி, அவளுக்குப் பித்தேறும் மருந்தைக் கொடுத்துப் பார்க்கிறாள், அது பலிக்கவில்லை. அரண்மனைச் சூழ்ச்சியில் பித்து ஒரு ஆயுதம். அறிவு கலங்குவது உடம்புக்குள் போகும் பொருளால் நிகழ்வது என்ற எண்ணம் இல்லாமல் அப்படியொரு காட்சி பிறக்காது.

மணிமேகலையில் இதைவிட முக்கியமான இடம் ஒன்று உண்டு. மலர்வனம் புக்க காதையில் மணிமேகலையும் சுதமதியும் தெருவில் போகும்போது, அவர்களைப் பார்க்கத் திரும்பும் கூட்டத்தினர் அதற்கு முன் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று சாத்தனார் சொல்கிறார். அப்படிப் பார்க்கப்பட்டவர்களில் ஒருவன் பித்தன். செவ்வலரி மாலையும் எருக்கம்பூ மாலையும் அணிந்திருக்கிறான். கந்தல் துணியோடு மரக்கிளைகளை ஒடித்து இடுப்பில் கட்டியிருக்கிறான். அழுகிறான், விழுகிறான், பிதற்றுகிறான், கூவுகிறான், கும்பிடுகிறான், எழுகிறான், சுழல்கிறான், ஓடுகிறான், ஓரமாய் ஒதுங்கி நெடுநேரம் நிற்கிறான், தன் நிழலோடு சண்டை போடுகிறான். மனநோய் பிடித்த ஒருவனை இத்தனை நெருக்கத்தில் கவனித்து எழுதிய வேறொரு பழைய தமிழ்ப் பகுதியைச் சட்டென்று நினைவுகூர முடியவில்லை. இந்த வருணனையில் பேய் என்று ஒரு சொல்கூட இல்லை. மையல் என்றுதான் சாத்தனார் சொல்கிறார். அவனைச் சுற்றி நிற்பவர்கள் கல்லெறியவும் இல்லை, வேப்பிலை அடிக்கவும் இல்லை. அவன் பின்னே வருந்திக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு பௌத்தக் காப்பியம் கருணையை மிகைப்படுத்திச் சொல்வது இயல்புதானே என்று கேட்கலாம். இருக்கலாம். ஆனால் கருணை மிகை என்றாலும் கவனிப்பு மிகையில்லை. நிழலோடு சண்டை போடுவதைக் கற்பனையில் உருவாக்குவது கடினம். பார்த்தவன்தான் எழுத முடியும். அதோடு, அவன் தெருவில் தனியாக இருக்கிறான் என்பதையும் பார்க்க வேண்டும். வருந்துபவர்கள் உண்டு, அழைத்துப்போகிறவர் இல்லை. பித்து என்று முடிவான ஒருவனுக்கு அந்தப் பெருநகரம் இரக்கம் தந்தது, போக்கிடம் தரவில்லை.

இன்னும் பின்னே போனால் சங்கப் பாடல்களின் வெறியாட்டு வருகிறது. காதலனைப் பிரிந்து மெலிந்த மகளைத் தாய் பார்க்கிறாள். கட்டுவிச்சியை அழைத்துக் கழங்கு பார்க்கிறாள், முருகன் அணங்கினான் என்று முடிவாகிறது. வேலன் வருகிறான், களம் இழைக்கிறான், ஆட்டை அறுக்கிறான். படிப்பவருக்கும் தோழிக்கும் உண்மை தெரியும். நோய் காதல் நோய். ஐங்குறுநூற்றில் வெறிப்பத்து என்று ஒரு தொகுதியே உண்டு. நற்றிணைப் பாட்டு ஒன்றில், தன் செயல் அல்ல என்று தெரிந்தும் பலியை வாங்க வந்து நிற்கும் முருகனையே தோழி மடமை உடையவன் என்று இடித்துரைக்கிறாள். இதைப் பகுத்தறிவு என்று கொண்டாட வேண்டியதில்லை. முருகன் இல்லை என்று அவள் சொல்லவே இல்லை. ஆனால் தெய்வம் ஏறியது என்ற முடிவு தவறாகவும் இருக்கலாம் என்பது அந்தக் கவிதை மரபுக்கு அடிப்படை. அந்தத் தவறான முடிவால் வீட்டுக்குக் கிடைக்கும் வசதியும் அதே பாடல்களில் தெரிகிறது. காதல் என்று ஒப்புக்கொண்டால் அலர், பகை, மானக்கேடு. முருகன் என்றால் ஓர் இரவு, ஓர் ஆடு, அத்தோடு சரி.

அடுத்து கல்வெட்டு. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. கோயிலில் வேதம் படித்த மாணவர்களுக்கும் பணியாளர்களுக்குமாக வீரசோழன் என்ற ஆதுலர்சாலை நடந்ததை அது விவரிக்கிறது. 15 படுக்கைகள். ஆலப்பாக்கத்துக் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்ற மருத்துவர், அறுவைக்குத் தனியாக ஒருவர், மூலிகை கொண்டுவந்து மருந்து காய்ச்ச ஆட்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள், ஒரு நாவிதர், தண்ணீர் சுமக்க ஒருவர். ஓராண்டுக்கு இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் உண்டு. தசமூல அரீதகி, வில்வாதி நெய், கல்யாண லவணம் என்று போகும் அந்தப் பட்டியலின் ஒரு மூலையில் புராண கிருதம், அதாவது பழைய நெய் இருக்கிறது. பத்தாண்டு வைத்துப் பழகிய, வாடை தாங்க முடியாத நெய் அது. சரக சம்ஹிதை அதை முதன்மையாகப் பித்துக்கும் வலிப்புக்கும் கிரகக் கோளாறுக்கும் சொல்கிறது. அந்த 15 படுக்கைகளில் பித்தர் யாரும் படுத்திருந்தார்கள் என்று கல்வெட்டு கூறவில்லை. வேறு நோய்க்கும் பழைய நெய் உதவும். ஆனால் பித்துக்கான மருந்து ஒரு சோழக் கோயிலின் அலமாரியில், அரசு அறிந்து, கணக்கில் ஏறி இருந்தது என்பதை மறுக்க முடியாது.

சரகர் பித்தை ஐந்தாகப் பிரிக்கிறார். வாதம், பித்தம், கபம், மூன்றும் கூடியது, வெளியிலிருந்து வருவது. அந்த ஐந்தாவதில்தான் தேவர்களும் கந்தர்வர்களும் பிசாசுகளும். அங்கேயும் ஒரு குறுக்குவெட்டு செய்கிறார்: தன் செயலால் கெடாதவனைத் தேவனும் பிசாசும் கெடுப்பதில்லை, தான் செய்ததற்குத் தெய்வத்தைப் பழிக்காதே என்கிறார். சிகிச்சையில் ஆறுதல் வார்த்தையும் உண்டு, பல் பிடுங்கிய பாம்பைக் காட்டிப் பயமுறுத்துவதும் உண்டு. அடங்காதவனை மெல்லிய ஆனால் உறுதியான துணியால் கட்டி, இரும்பும் கட்டையும் இல்லாத இருட்டறையில் வைக்க வேண்டுமாம். தமிழ்ச் சித்த மருத்துவத்தில் அகத்தியர் பெயரில் வழங்கும் கிறுக்கு நூல் 18 வகைக் கிறுக்கைச் சொல்கிறது. திருக்குறளின் மருந்து அதிகாரம் நோய்க்கெல்லாம் வாதம் முதலான மூன்றின் மிகுதியும் குறைவுமே காரணம் என்று முடித்துவிடுகிறது. அதில் பேய்க்கு இடமே இல்லை.

இது தமிழகத்துக்கு மட்டும் உரிய நிலையன்று. இடைக்காலக் கிரேக்க உலகமான பைசாந்தியத்தில் இதே இரட்டை வழி இருந்தது. 4-ஆம் நூற்றாண்டில் பொசைடோனியஸ் என்ற மருத்துவர், மனிதர்களை வெறிகொள்ள வைப்பது பேய்கள் அல்ல, உடலின் நீர்மங்கள்தான் என்று வாதிட்டார். அதைப் பதிவுசெய்த திருச்சபை வரலாற்றாசிரியர் ஃபிலோஸ்டார்ஜியஸ், அவர் சொன்னது தவறு என்று ஒரு குறிப்பும் சேர்த்தே எழுதினார். 7-ஆம் நூற்றாண்டில் ஏஜினாவின் பவுல் மெலங்கோலியாவையும் மேனியாவையும் கரும்பித்தத்தாலும் மற்ற நீர்மங்களாலும் விளக்கி உணவும் குளியலும் பேதி மருந்தும் எழுதிக்கொடுத்தார். 1136-இல் பேரரசர் இரண்டாம் யோவான் கொம்னெனோஸ் கான்ஸ்டான்டிநோபிளில் அமைத்த பாந்தோக்ராட்டர் மடத்து மருத்துவமனையில் 50 படுக்கைகள் இருந்தன. எலும்பு முறிவுக்கு ஒரு பகுதி, கண்ணுக்கும் வயிற்றுக்கும் ஒரு பகுதி, பெண்களுக்கு ஒரு பகுதி. பித்தருக்கு என்று ஒரு பகுதியும் இல்லை. அவர்களை வீட்டார் புனிதர்களின் கல்லறைகளுக்கும் தேவாலயங்களுக்கும் அழைத்துப்போனார்கள், அங்கே இரவு தங்கவைத்தார்கள், சிலரைச் சங்கிலியிலும் பிணைத்தார்கள். மருத்துவ நூல்கள் அங்கே நம்மைவிடக் குறைவாக இல்லை. ஆனாலும் கால்கள் கல்லறையை நோக்கியே நடந்தன. இரண்டு தொலைதூர நாடுகளில் ஒரே முடிவு என்றால், காரணத்தை அறியாமையில் தேடுவது வீண்.

காரணத்தை நான் சட்ட நூலில் தேடுகிறேன். வீரராசேந்திரனின் மருமகனான சாளுக்கிய ஆறாம் விக்கிரமாதித்தன் (1076–1126) காலத்தில் கலியாணியில் விஞ்ஞானேசுவரர் மிதாட்சரம் எழுதினார். பிற்காலத்தில் தமிழகத்து இந்துக் குடும்பச் சொத்து வழக்குகளுக்கும் இதுவே அடிப்படை நூலாயிற்று. யார் யாருக்குப் பங்கு இல்லை என்ற பழைய சுமிருதிப் பட்டியலில் பித்தனும் உண்டு. பங்கு கிடையாது, சோறும் துணியும் உண்டு; அவ்வளவுதான். அதன் உரையில் விஞ்ஞானேசுவரர், பித்து என்பதில் வாதம், பித்தம், கபம், மூன்றும் கூடியது, கிரகம் பிடித்தது எல்லாம் அடங்கும் என்கிறார். இங்கே என் வாதத்துக்கு ஒரு தடை வருகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பேய் பிடித்தவனுக்கும் சட்டத்தில் பங்கு இல்லையென்றால், பேய் என்று சொல்லி வீட்டுக்கு என்ன லாபம்? விடை அதே உரையின் அடுத்த பகுதியில் இருக்கிறது. மருந்தாலோ வேறு வழியாலோ குறை நீங்கிவிட்டால், பாகப்பிரிவினை முடிந்த பிறகும் பங்குரிமை உயிர்பெறும் என்கிறார், பிரிவினைக்குப் பிறகு பிறந்த மகனுக்குக் கிடைப்பதுபோல. ஆக, நோய் என்ன என்பதைவிட நோய் முடிந்ததா என்பதே பங்கைத் தீர்மானிக்கிறது. பித்து முடிந்தது என்று எந்த மருத்துவர் எந்தச் சாட்சிகள் முன்னிலையில் சொல்வார்? பழைய நெய்யைத் தந்த அசுவத்தாம பட்டனாலும் அதைச் சொல்லியிருக்க முடியாது. பேய் இறங்கியது என்பதோ ஊர் பார்க்க நடப்பது. பம்பையும் உடுக்கையும் முழங்க, பேய் தன் பெயரைச் சொல்லி, போகிறேன் என்று வாக்குக் கொடுத்து, போன அடையாளத்தையும் விட்டுச் செல்கிறது. பார்த்தவர் நூறு பேர். அடுத்த முகூர்த்தத்தில் அந்தப் பெண்ணுக்குக் கலியாணம் பேசலாம், அந்தப் பையனைக் களத்துக்கு அனுப்பலாம். கோயில் தந்தது சிகிச்சையாக இருந்ததோ இல்லையோ, சான்றிதழாக இருந்தது.

கெடு வைக்கும் இந்தப் பழக்கம் பேயோட்டும் கோயில்களோடு நிற்கவில்லை. திருச்சியை அடுத்த குணசீலம் பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலில் மனம் கலங்கியவர்கள் ஒரு மண்டலம், 48 நாள் தங்குகிறார்கள். உச்சிப் பூசையிலும் இரவிலும் முகத்தில் தீர்த்தம் அடிக்கிறார்கள். அங்கே பம்பை இல்லை, சாமியாட்டம் இல்லை, ஆகமப்படி நடக்கும் வைணவக் கோயில். சோளிங்கர் மலையடிவாரத்துக் குளமும் இப்படித்தான் பெயர் பெற்றது. முறைகள் எவ்வளவு வேறுபட்டாலும், போகும் நாளும் திரும்பும் நாளும் முன்பே தெரியும் என்பது பொது.

சைவமும் வைணவமும் பித்தைத் தெய்வ நிலையாக உயர்த்தினவே, அந்தச் சமூகத்தில் பித்தனுக்கு மதிப்பு இருந்ததற்கு அதுவே சாட்சி இல்லையா என்று சிலர் கேட்பார்கள். செஞ்சிக்குத் தெற்கே திருவெண்ணெய்நல்லூரில் சுந்தரர் கதை நடக்கிறது. மணப்பந்தலில் வந்து நீ என் அடிமை என்று சொன்ன முதியவரைச் சுந்தரர் பித்தன் என்கிறார். முதியவர் அதைப் பொருட்படுத்தாமல் ஓலையைக் காட்டுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. மூல ஓலையைப் படித்துப் பார்த்துச் சபை தீர்ப்பளிக்கிறது. முதியவர் சிவன் என்பதும், அந்தச் சொல்லையே முதலாக வைத்துப் பாடு என்றதும் பிறகு நடந்தவை. கதை காட்டுவது என்னவென்றால், ஒருவர் பேச்சைச் சபையில் எடுபடாமல் செய்ய நினைத்தால் முதலில் கைக்கு வரும் வசை அது. தெய்வத்தைப் பித்தன் என்று பாடுவது அந்த வசை கூர்மையாக இருந்ததால்தான் இனித்தது. காரைக்காலம்மையார் பேய் வடிவு கேட்டுப் பெற்றதும் அப்படியே. அடியாரின் பித்தை வைத்துத் தெருவில் திரிந்த பித்தனின் நிலையை அளக்க முடியாது. பைசாந்தியத்திலும் கிறிஸ்துவுக்காகப் பைத்தியம் வேடம் பூண்ட சிமியோனைப் புனிதராக்கினார்கள். அதனால் எமிசா நகரத்துப் பைத்தியங்களுக்கு அடி குறைந்ததாகத் தெரியவில்லை.

இதைவிடக் கனமான ஆட்சேபம் பெண்கள் பக்கமிருந்து வருகிறது. 1990-களின் தொடக்கத்தில் தென்னார்க்காட்டில் களப்பணி செய்த மானுடவியலாளர் இசபெல் நபோகோவ், இந்தப் பகுதிப் பேயோட்டும் சடங்குகளை விரிவாகப் பதிவு செய்தார். அவர் பார்த்த அளவில் பேய் பிடிப்பது பெரும்பாலும் புதிதாய்க் கலியாணமான பெண்களை. பிடிக்கும் பேய் பெரும்பாலும் காதல் கைகூடாமல் தற்கொலை செய்துகொண்ட இளைஞன். பம்பைக்காரர்கள் பாட்டாலும் கேள்வியாலும் பேயை மடக்குகிறார்கள். யார் நீ, எங்கே பிடித்தாய், என்ன கொடுத்தால் போவாய். பேய் ஒப்புக்கொண்டதும் அந்தப் பெண்ணின் உச்சிமுடியில் ஒரு கற்றையைப் புளியமரத்தில் ஆணி அடித்து நிறுத்துகிறார்கள். அவள் மறுபடி மனைவியாகப் புகுந்த வீட்டுக்குப் போகிறாள். நபோகோவ் இதை நோய் தீர்வதாகப் பார்க்கவில்லை. ஒரு பெண்ணின் மறுப்பை, அவளுக்குள் இருந்த வேறொரு விருப்பத்தை, பேயின் பெயரால் அவளிடமிருந்து அறுத்து எறிவதாகவே பார்க்கிறார். இந்த வாசிப்போடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. சொல்லப்போனால் என் வாதத்தை அது பலப்படுத்துகிறது. கெடு யாருக்காக வைக்கப்பட்டது என்று கேட்டால், நோயாளிக்காக அல்ல, அவரைத் திரும்ப எதிர்பார்த்திருந்த வீட்டுக்காக என்பதே விடை. திரும்பிப்போக விரும்பாத பெண்ணுக்கு அந்தச் சான்றிதழ் ஒரு தண்டனைச் சீட்டு. ஒரு திருத்தம் மட்டும் சொல்வேன். பேய் பிடித்திருந்த நாட்களில் அவள் கத்தியதற்கும் கணவனை வைததற்கும் பிறகு யாரும் கணக்குக் கேட்பதில்லை, பேசியது பேய். அதே சொற்களைப் பித்து என்று பதிந்திருந்தால், அவள் பெயரில் அது ஒட்டிக்கொண்டே இருந்திருக்கும்.

மூன்றாவது ஆட்சேபத்தின் பெயர் ஏர்வாடி. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் உள்ள தர்காவுக்கும் மனம் கலங்கியவர்களை அழைத்துவருவது வழக்கம். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கூரைக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை, 28 பேர் இறந்தார்கள். கோயில், தர்கா வைத்தியத்தின் உண்மையான முகம் இதுதான் என்று அப்போது எழுதினார்கள். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது. ஏர்வாடிக் காப்பகங்கள் மூடப்பட்டு, இருந்தவர்கள் அரசுப் பொறுப்பில் எடுக்கப்பட்டார்கள். சரகர் துணி என்று சொன்ன இடத்தில் இரும்பு வந்தது எப்போது என்று தேட வேண்டியதில்லை. பணக்காரர் வீட்டிலும் ஏழை வீட்டிலும் சங்கிலி நெடுங்காலம் இருந்தது. ஆனால் ஏர்வாடியின் அந்தக் கொட்டகைக்கும் தர்கா வழக்கத்துக்கும் இடையே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். தர்காவில் தங்குபவர் கனவில் உத்தரவு வந்ததும் கிளம்புவார், கூட வந்த உறவினரும் அதுவரை அங்கேயே இருப்பார். சுற்றிலும் முளைத்த காப்பகங்களில் உறவினர் மாதப் பணம் கட்டிவிட்டுப் போய்விடலாம். உத்தரவு வந்ததா என்று கேட்க ஆள் இல்லை, திரும்பும் நாள் இல்லை. கெடு போன இடத்தில் சங்கிலி மட்டும் மிஞ்சியது. இப்படிச் சொல்வது சங்கிலியை மன்னிப்பதாகாது. எந்தச் சூழலில் அது கொல்லும் கருவியாயிற்று என்பதை அடையாளம் காண்பது மட்டுமே.

இதே குறை ஆங்கிலேயர் ஏற்பாட்டிலும் இருந்தது. சென்னையில் 1794-இல் அறுவை மருத்துவர் வாலன்டைன் கொனோலி பைத்தியக்கார விடுதி ஒன்றை நடத்தத் தொடங்கினார். 1871-இல் கீழ்ப்பாக்கத்தில் 66 ஏக்கருக்கு மேற்பட்ட தோட்டத்தில் அரசு விடுதி எழுந்தது. 1922-இல் அது அரசு மனநல மருத்துவமனை என்று பெயர் மாறியது. பித்துக்குப் போக்கிடம் இல்லை என்ற புகார் நகரத்துக்கே உரிய பழைய குறை, அதைத் தீர்த்தார்கள். சங்கிலியும் பிரம்பும் குறைந்தன என்பதும் பெரிய காரியம். ஆனால் அனுப்பிவைக்கும் வீட்டோடு அந்த விடுதிக்கு உறவே இல்லை. கூட யாரும் தங்குவதில்லை, வெளியே வரும் நாளை வீடு அறிவதில்லை. சொத்துச் சட்டமும் மெதுவாகத்தான் நகர்ந்தது. 1928-இல் வந்த சட்டம் குருடு, ஊமை போன்ற பழைய தடைகளை நீக்கியது. பிறவியிலேயே பித்தாகவோ புத்தி வளராமலோ இருப்பவரை மட்டும் பங்கிலிருந்து விலக்கியே வைத்தது. 1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில்தான், நோயோ குறையோ எதுவும் பங்குக்குத் தடையாகாது என்று எழுதப்பட்டது. திருமுக்கூடல் சுவரில் பழைய நெய் எழுதப்பட்டு ஏறக்குறைய 890 ஆண்டுகள் ஆகியிருந்தன.

கோயிலில் தங்குவதால் மட்டும் யாருக்காவது உண்மையில் தெளிகிறதா? பெங்களூர் நிம்ஹான்சைச் சேர்ந்த ஆர். ரகுராமும் சக மருத்துவர்களும் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரை ஆராய்ந்து 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். அங்கே பேயோட்டுவது இல்லை, மருந்தும் இல்லை. கோயிலைக் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, காலைப் பூசை, அவ்வளவுதான். சராசரியாக ஆறு வாரத் தங்கலில் நோய்க்குறிகளின் அளவு கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாத சிறிய ஆய்வு அது. மருந்துக்குப் பதில் கோயில் என்று அதை வைத்துச் சொல்பவர்கள் ஆய்வைச் சரியாகப் படிக்காதவர்கள். தீவிர மனச்சிதைவுக்கு மாத்திரை வேண்டும், அதுவும் பல ஆண்டுகளுக்கு. ஆனால் நோயாளியோடு வீட்டார் ஒருவர் கூடவே தங்கினார் என்ற வரி அந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அடைக்கலம் தந்தது கோயில், ஆனால் வீடு கைகழுவிவிடவில்லை.

2017-இன் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 95-ஆம் பிரிவில் சங்கிலியைத் தடை செய்தது. 19-ஆம் பிரிவு இன்னும் ஆழமாகப் போகிறது. குடும்பம் இல்லை, அல்லது குடும்பம் ஏற்கவில்லை, அல்லது வீடில்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்தில் தொடர்ந்து வைத்திருக்கக் கூடாது என்கிறது. வெளியே வருபவர் தங்க இடைத்தங்கல் இல்லங்களும் கூட்டு இல்லங்களும் அரசு ஏற்படுத்தித் தர வேண்டும் என்று அதே பிரிவு பொறுப்பையும் சுமத்துகிறது. காலக்கெடு பற்றி அந்தப் பிரிவு சொல்வது 'நியாயமான காலத்துக்குள்' என்ற அளவில்தான். மேல்மலையனூர் பூசாரியோ குணசீலத்து அர்ச்சகரோ இத்தனை தளர்வாக ஒருபோதும் நாள் குறித்ததில்லை.